ஐந்தாம் பாகம் வரை

எங்கள் வளவில் தலையணை கனத்துக்குப் புத்தகம் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். அதைப் புகழ்ச்சியாகச் சொன்னவர்கள் குறைவு. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகும் சாலையை ஒட்டி எங்கள் தோட்டம். கடலைக்காட்டில் ஆட்கள் குனிந்து நிற்க, தோட்டத்துக்காரன் மோட்டார் ரூம் நிழலில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரிக்கட்டும் என்று விட்டேன். நான் சீட்டுத் தொட்டதில்லை. கள்ளுக்கடைப் பக்கம் போனதில்லை. வழக்கு என்று சித்தூர்க் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. நாச்சிமுத்து வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்ல அந்த வட்டாரத்தில் யாருக்கும் வாய் வந்ததில்லை.

சின்னக் கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு ஆளைப் பழகிக்கொள்வதற்குள் கதை முடிந்துவிடுகிறது. ஐந்து பாகம், ஆறு பாகம் என்று போகிற புத்தகம் வேறு மாதிரி. முதல் நூறு பக்கத்துக்கு யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடாது. தெரியாத ஊர்க் கலியாணத்தில் ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் நடுவே தனியாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு ஒருநாள், கடலைக்குக் களை வெட்டி முடிகிற சமயத்தில் பார்த்தால், அவர்கள் எல்லாரும் நம் வீட்டு ஆட்களாகியிருப்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் திருப்பும்போது அவர்களுடைய கடன், அவர்களுடைய பகை நம் மனதில் ஓடும். கடைசிப் பாகத்தில் வலது கைப் பக்கம் மெலிந்துகொண்டே வரும். அது எனக்கு ஆகாது. என் மனைவி இறந்த வருஷம், ஒரு புத்தகத்தின் கடைசிச் சில பக்கங்களைத் திறக்காமல் அறுவடை வரை வைத்திருந்தேன். வீட்டில் அப்போது வேறு பேச்சுத்துணை கிடையாது. மகன் கந்தப்பன் பேசுகிற ஜாதி இல்லை. பம்ப்செட்டு மோட்டாரைப் பிரித்துப் போட்டால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அவனுக்கு நெகமத்துப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தேன். பொன்னாத்தாள். எட்டாவது வரை படித்தவள். கலியாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை என்று கந்தப்பன் கிளம்பினான். ஒரு மாதத்தில் வந்து கூட்டிப் போவதாக அவளிடம் சொன்னான். ஒரு பொங்கலுக்கு வந்தான். அடுத்த பொங்கலுக்கு வரவில்லை. பிறகு, அங்கே யாரோ ஒருத்தியோடு குடியிருக்கிறான் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது. அன்றைக்கு நான் முன்கட்டு ஆசாரத்தில் நின்று, உள்ளே இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்: இந்த வீட்டில் அவன் பேரை யாரும் எடுக்கக் கூடாது. வெளியே கேட்பவர்களிடம், எஸ்டேட்டில் லீவு கொடுக்கவில்லை என்று சொல்லி வந்தேன். அதை யாரும் நம்பவில்லை. ஆனால் என் முகத்துக்கு நேரே யாரும் மறுக்கவும் இல்லை.

அது 1973. அந்த வருஷம்தான் என் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஆள் தெரியும், வண்டி தெரியும், எழுத்து தெரியாது. பாலக்காட்டில் டாக்டர் பார்த்துவிட்டு, புரை முற்றட்டும், பிறகு அறுக்கலாம் என்றார். அதற்குச் சற்று முன்னால்தான் கோயமுத்தூரிலிருந்து ஆறு பாகம் கொண்ட ஒரு புதுப் புத்தகத்தை ஒரே கட்டாக வாங்கி வந்திருந்தேன். கடற்கரையில் உப்பளம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த முதல் பாகத்தை வெயிலில் கொண்டுபோய், கிட்டத்தில் வைத்தும் எட்ட வைத்தும் பார்த்தேன். எறும்பு ஊர்வது போல இருந்தது.

என் சித்தப்பா மகள் மருதாத்தாள் பக்கத்து வீட்டில் இருந்தாள். தாலியறுத்து வெகு காலம் ஆனவள். எங்கள் வீட்டுக் கடலையை உடைத்துக்கொண்டு பகல் முழுதும் இங்கேதான் இருப்பாள். அவளுக்கு என்னிடம் பயம் கிடையாது.

"ஏனுங்கண்ணா, முந்தாநேத்தும் இதே பக்கந்தான், இன்னைக்கும் இதே பக்கந்தான். மனப்பாடம் பண்ணறீங்களா?"

"உன்ற வேலையைப் பாரு."

"என்ற வேலை கெடக்குது. அம்மிணி ஒருத்தி எட்டாவது படிச்சுப்போட்டு உள்ளே சும்மா உக்காந்திருக்கறா. எனக்குங் கதை கேட்டு எத்தனை நாளாச்சு."

எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் முன்னால் உட்காரமாட்டாள், நேராகப் பேசமாட்டாள். நானும் அவளிடம் பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செருமுவேன். சொம்பு கதவோரம் வந்துவிடும். அதனால் மருதாத்தாள் ஒரு ஏற்பாடு செய்தாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, உள்ளறையில் கதவுக்குப் பின்னால் பொன்னாத்தாள் உட்கார்ந்து வாசிப்பாள். மருதாத்தாள் கதவு நிலையருகே முறத்தோடு உட்கார்ந்து கேட்பாள். நான் ஆசாரத்தில் கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். வாசிப்பது மருதாத்தாளுக்காக. நான் அங்கே படுத்திருப்பது எப்போதும் உள்ள வழக்கம். யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

நானே வாசித்தபோது புத்தகம் என் கையில் இருந்தது. வேண்டாத இடத்தை ஓடிக் கடக்கலாம், பிடித்த இடத்தில் நிற்கலாம். இன்னொருவர் வாசித்துக் கேட்கும்போது அவர்கள் மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கேதான் கதையும் நிற்கும். முதலில் எனக்கு அது கட்டிப்போட்டது போல இருந்தது. முதல் பாகம் பாதி ஆவதற்குள் பழகிவிட்டது. இரண்டாம் பாகத்தில், அவள் வாசிக்கிற தினுசிலேயே சளி பிடித்திருக்கிறதா, காலையில் அழுதிருக்கிறாளா, ஊரிலிருந்து யாராவது வந்துபோனார்களா என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒரு வார்த்தை பேசாத ஒருத்தியைப் பற்றி நான் அவ்வளவு தெரிந்துகொண்டது அந்தப் புத்தகத்தால்தான்.

சில இடங்களில் அவள் குரல் நின்றுவிடும். பக்கங்கள் சரசரவென்று புரளும். பிறகு வேறொரு ஊரில் வேறொரு பொழுதில் கதை தொடங்கும்.

"ஏனம்மிணி, பக்கம் ஒட்டிக்கிச்சா?" என்பாள் மருதாத்தாள்.

"இல்லீங்கத்தை. அதுல ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு இத்தனை பக்கமா? உள்ளே பொண்ணும் மாப்பிள்ளையும் தனியா நிக்கறாங்களா?"

நான் புரண்டு படுத்துச் செருமுவேன். மருதாத்தாள் முறத்தைத் தட்டிக்கொண்டு சிரிப்பை அடக்குவாள்.

அந்தக் கதையில் உப்பளத்துக்காரர் ஒரு கிழவர். அவருக்கு ஒரு மகன். அவள் வாசித்ததில் ஆள் அடையாளம் எனக்குப் பிடிபடாமலே இருந்தது. எல்லாரையும் பேர் சொல்லி வாசிக்கிறவள், ஒருவரை மட்டும் 'அவங்க' என்றே வாசித்தாள். அவங்க கரையில் நின்றாங்க. அவங்க யாரிடமும் சொல்லாமல் உப்புக் கப்பலில் ஏறிப் போயிட்டாங்க. அவங்க பெண்டாட்டி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மரியாதையைப் பார்த்து, அது வீட்டுப் பெரியவர்தான் என்று நான் முடிவு செய்துகொண்டேன். எழுபது வயதில் குடும்பத்தை விட்டுவிட்டுக் கப்பலேறுகிற அந்த மனிதன்மேல் எனக்குக் கடுங்கோபம் வந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் கூரையைப் பார்த்துச் சொன்னேன்.

"கெழவனுக்கு இந்த வயசுல கப்பல் என்னத்துக்கு? ஊடு வாசல் இல்லையா?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் சேலை முந்தானைக்குள் அமுங்கியது. என் மருமகள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எதற்குச் சிரித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டாம் பாகத்தின் முடிவில் கிழவர் செத்துப்போனார். ஊரே திரண்டு வந்தது. அவங்க தலைமாட்டில் நின்று அழுதாங்க. அவங்க பாடையின் முன்கொம்பைத் தோளில் வாங்கிக்கொண்டாங்க. செத்தவன் தன் பாடையைத் தானே தூக்கிக்கொண்டு போகிற புத்தகத்தை நான் அதுவரை வாசித்ததில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

மருதாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். "கெழவன் கப்பல்ல போகலீங்கண்ணா. போனது மகன். சாவுச் சேதி கேட்டுத் திரும்பி வந்திருக்கறான்."

"மகன்னா, மகன் பேரைச் சொல்லி வாசிக்கறதுக்கு என்ன கேடு?"

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "புத்தகத்துல அந்தப் பையனுக்கு நம்மூட்டுப் பேருங்க. அவ வாயில எப்படிச் சொல்லுவா? நானாவது சொல்லலாம்னா, அந்தப் பேரை எடுக்கப்படாதுன்னு நீங்க வேற சொல்லிப்போட்டீங்க."

நான் மறுபடி படுத்துக்கொண்டேன். கட்டின புருஷன் பேரைப் பெண்கள் சொல்வதில்லை. அது எல்லா வீட்டிலும் உள்ளது. அவளுக்கு முறை வாயைக் கட்டியது, மருதாத்தாளுக்கு என் உத்தரவு கட்டியது. இரண்டுக்கும் நடுவே அச்சடித்த பேர் ஒன்று பக்கத்துக்குப் பத்துத் தடவை வந்துகொண்டிருந்தது. சித்த நேரம் கழித்து நான் செருமினேன். வாசிப்பு தொடர்ந்தது. அவங்க ஈமக்கடன் முடித்துக் கடலில் முழுகி எழுந்தாங்க.

மூன்றாம் பாகம் நடந்துகொண்டிருந்தபோது அவளுடைய அண்ணன் காளிச்சாமி நெகமத்திலிருந்து வந்தான். நல்ல பையன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றே பேசினான்.

"மாமா, தப்பா நினைக்கப்படாதுங்க. பொண்ணை எத்தனை நாளைக்கு இப்படி வெச்சிருக்கறது? கூட்டிக்கிட்டுப் போறோமுங்க."

"புருஷன் உத்தியோகத்துல இருக்கறான். அவன் ஊட்ல அவ இருக்கறா. இதுல என்ன கொறை?"

அவன் தரையைப் பார்த்தான். எல்லாம் அவனுக்கும் தெரியும். உள்ளே போய்த் தங்கையிடம் பேசிவிட்டு வந்தவன் முகம் குழம்பியிருந்தது. மருதாத்தாளிடம் கேட்டேன், என்ன சொன்னாள் என்று.

"இந்தப் புத்தகம் முடியட்டும், பொறவு வர்றேன்னாளுங்க."

அந்தச் சொல் எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று இங்கே எழுதுவதில் வெட்கமில்லை. கண் தெரியாத மாமனாரைப் பாதிக் கதையில் விட்டுப் போக அவளுக்கு மனமில்லை என்று எடுத்துக்கொண்டேன். குலத்தில் பிறந்த பெண் அப்படித்தான் இருப்பாள் என்று பெருமைப்பட்டேன். இன்னும் மூன்று பாகத்துக்குமேல் இருந்தது. நான்காம் பாகம் தொடங்கியபோது பாலக்காட்டு டாக்டர், புரை முற்றிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் அறுக்கலாம் என்றார். கண்ணைக் கத்திக்குக் கொடுக்க எனக்குத் தைரியமில்லை என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயமில்லை. கண் வந்துவிட்டால் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க ஒருத்தி தேவையில்லை. மறுபடி நானும் மோட்டார் ரூம் நிழலும்தான்.

நான்காம் பாகம் முடிந்த அன்றைக்கு மருதாத்தாள் புறப்படாமல் நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணும். கோவப்படாம கேக்கோணும்."

"சொல்லு."

"அம்மிணி வண்டிப்பெரியாருக்குச் சொல்லித் தாட்டியிருக்கறாளுங்க. ஏலக்காய் லாரிக்காரங்கிட்ட. அவ புத்தகம் வாசிச்சுக்கிட்டிருக்கறா, ஆறு பாகம். முடியறதுக்குள்ள வந்தாச் சரி, இல்லீனா அண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன்னு."

நான் கட்டில் கயிற்றை விரலால் நெருடினேன்.

"சொல்லி எத்தனையோ நாளாச்சுங்க. ஒரு பதிலுங் காணோம். இப்ப அஞ்சாவது எடுக்கப்போறா. நீங்க எதாச்சும் பண்ணறதுன்னா இப்பப் பண்ணுங்க."

அவள் வாசித்துக்கொண்டிருந்தது எனக்காக இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மருதாத்தாளுக்காகவும் இல்லை. அந்தப் புத்தகத்தின் நீளத்தை அவள் தன் புருஷனுக்குத் தவணையாகக் கொடுத்திருந்தாள். தினமும் ஒரு பகல் அந்தத் தவணையைத் தானே கரைத்துக்கொண்டிருந்தாள். வேகமாக வாசித்தால் சீக்கிரம் விடுதலை. மெதுவாக வாசித்தால் இன்னும் சில நாள் நம்பிக்கை. இரண்டும் செய்யாமல் ஒரே சீராக வாசித்தாள். அதை நினைத்தபோது கட்டிலில் என்னால் படுக்க முடியவில்லை.

மறுநாள் வெள்ளை வேட்டி சட்டையும் மேல்துண்டும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கே என்று வீட்டில் சொல்லவில்லை. பொள்ளாச்சி, உடுமலை, திண்டுக்கல், தேனி. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் எந்த பஸ் எங்கே போகிறது என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. பலகை கண்ணுக்கு எதிரே இருக்கும், என்னால் வாசிக்க முடியாது. அதை வாய்விட்டுச் சொல்லாமல், விசாரிப்பவன் போலக் கேட்டுச் சமாளித்தேன். குமுளியில் மலையாள கண்டக்டர் என் கையைப் பிடித்து ஏற்ற வந்தான். "அப்பூப்பா, எவிடேக்கா?" என்றான். கையை உதறிக்கொண்டு, வண்டிப்பெரியார் என்றேன்.

இறங்கும்போது மழை. பச்சையும் சாம்பலும் தவிர வேறு நிறம் எனக்குத் தெரியவில்லை. காற்றெல்லாம் வாட்டிய தேயிலை வாசனை. ஒரு டீக்கடையில் நின்று, பாலக்காட்டுப் பக்கத்து மெக்கானிக் ஒருவன், கந்தப்பன் என்று பேர், எங்கே இருக்கிறான் என்று விசாரித்தேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரை என் வாய் சொன்னது. முன்பின் தெரியாத டீக்கடைக்காரரிடம் சொல்ல நேர்ந்தது.

"கோயமுத்தூர்த் தமிழ்ல பேசுவாரே, அவரா? மேல போங்கய்யா. ரெண்டாவது லயத்துல, கடைசி வீடு."

தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டி நின்றன. கடைசி வீட்டின் கதவைத் தட்டினேன். ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை இருந்தது அதன் சிணுங்கலில் தெரிந்தது.

"கந்தப்பன் இருக்கானா?"

"அவுக மில்லுக்குல்லா போயிருக்காக. இருட்டுறதுக்குள்ள வந்துருவாக. மழையில நனையுதீகளே, உள்ள வாங்கய்யா."

"இது யார் ஊடு?"

"அவுக வீடுதான்."

"அவுகன்னா யாரு?"

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். குரலில் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தது. "இப்பம் நீங்க சொன்னீகளே, அந்தப் பேருதான்யா."

வாசற்படியின் இந்தப் பக்கம் மழையில் நின்றேன். வரும் வழியெல்லாம் நான் என்னென்னவோ சொல்லத் தயார் செய்து வைத்திருந்தேன். எவளோ ஒருத்தி, நான் போய் நின்று ஒரு அதட்டல் போட்டால் கலைந்துவிடும் என்றுதான் வந்தேன். ஒட்டிக்கொண்டு இருக்கிறவளாக இருந்தால் பேரைச் சொல்லியிருப்பாள். இவள் சொல்லவில்லை. அங்கே கதவுக்குப் பின்னால் ஒருத்தி எந்தப் பேரை விழுங்கிக்கொண்டு வாசிக்கிறாளோ, அதே பேரை இவளும் விழுங்கினாள்.

"இருங்க, கட்டஞ்சாயா போடுதேன். யாரு வந்தாகன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருத்தர் வந்தாங்கன்னு சொல்லு. போதும்."

குழந்தை யார் சாயல் என்று பார்க்க என் கண் உதவவில்லை. கிட்டே போய்ப் பார்க்கவும் நான் முயலவில்லை. மகன் வரும்வரை காத்திருக்கவும் இல்லை. அவனிடம் கேட்க வேண்டிய கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். திரும்பியபோது அவள் ஓடிவந்து ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்து என் தலையில் போட்டாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் போட்டுவிட்டாள். அந்தச் சாக்கோடு பஸ் நிறுத்தம் வரை இறங்கினேன். அங்கே அதை மடித்து ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் குளித்துச் சாப்பிட்டேன். போன இடத்தை மருதாத்தாள் ஊகித்திருந்தாள். கேட்கத் துடித்தாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாள் மத்தியானம் வழக்கம் போலக் கட்டிலில் சாய்ந்தேன். உள்ளே ஐந்தாம் பாகம் திறக்கிற சத்தம் கேட்டது. ஆனால் வாசிப்பு தொடங்கவில்லை. என் செருமலுக்காக அவள் காத்திருந்தாள். செருமலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"வாசி, அம்மிணி" என்றேன்.

அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளை நோக்கி நான் சொன்ன முதல் வார்த்தை அது. எப்படி வந்தது என்று தெரியாது. மகளிடம் பேசுகிறவன் குரலில் வந்தது. மருதாத்தாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. நான் எங்கே போனேன், என்ன கண்டேன், எல்லாவற்றையும் அந்த இரண்டு வார்த்தை சொல்லிவிட்டது போலிருக்கிறது. மருமகளாக இருப்பவளிடம் எந்த மாமனாரும் அப்படிப் பேசமாட்டான்.

கிணற்றடியில் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் வாசிக்க ஆரம்பித்தாள்.

"கந்தப்பன் உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். கந்தப்பனுக்குக் கடல் அலுத்துவிட்டது."

மற்றப் பேர்களை வாசிப்பது போலவே அந்தப் பேரையும் வாசித்தாள். அதற்குமேல் மரியாதையும் இல்லை, அவங்களும் இல்லை. போனான், வந்தான், தின்றான் என்று அச்சில் இருந்தபடியே வாசித்தாள். மருதாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தேன். அன்றைக்கு அவள் எந்தப் பக்கத்தையும் தாண்டவில்லை.

அன்று பொழுதோடவே நெகமத்துக்கு ஆள் அனுப்பினேன். காளிச்சாமி தன் பக்கத்துப் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டு வர இரண்டு வாரம் ஆயிற்று; அதுவரை அவள் தினமும் வாசித்தாள். ஐந்தாம் பாகம் முடிந்தது.

பெண்ணை அனுப்புவதென்றால் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரை வைத்துத் தீர்த்து அனுப்ப வேண்டும். அதை என் வீட்டு வாசலிலேயே வைத்தேன். எங்கள் பங்காளி ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டுக் காதோடு சொன்னார். "ரெண்டு வருஷமா வயித்துல ஒண்ணுமில்லைன்னு சொல்லி முடிச்சிரலாம். நம்மூட்டுப் பேரும் கெடாது. அவங்களும் எதுத்துப் பேச முடியாது."

"நம்மூட்டுப் பேரைக் காப்பாத்தறது எப்படின்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

எல்லாரும் உட்கார்ந்த பிறகு நான் நின்றுகொண்டு சொன்னேன். "குத்தம் என்ற மகன் மேல. அங்கே அவனுக்குப் பொண்டாட்டி இருக்குது, குழந்தை இருக்குது. நானே போய்ப் பாத்துட்டு வந்தேன். இந்தப் பொண்ணு என்ற ஊட்ல இருந்த நாள்ல ஒரு கொறை கண்டதில்லை. நாளைக்கு யாராச்சும் இவளைப் பத்தி ஒரு சொல் சொன்னா, அவங்க எங்கிட்ட வந்து சொல்லட்டும்."

அந்தப் பங்காளி வெற்றிலையை எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் நான் போனால் பேச்சு அறுந்துபோகும். நான் எப்போதும் போல நிமிர்ந்துதான் நடந்தேன்.

புறப்படுகிற அன்று பெட்டி வண்டியில் ஏறிவிட்டது. மருதாத்தாள் உள்ளிருந்து வந்தாள்.

"அண்ணா, இன்னொரு பாகம் இருக்குதுங்களாம். ரெண்டு வாரம் இருந்து வாசிச்சு முடிச்சுப்போட்டுப் போறேங்கறா. காளிச்சாமி இருக்கட்டும்னு சொல்றான்."

எனக்கு அது வேண்டியிருந்தது. அந்த உப்பளத்துக்காரர் மகன் என்ன ஆனான் என்பதைவிட, இன்னும் இரண்டு வாரம் மத்தியானத்தில் அந்தக் குரல் வேண்டியிருந்தது. ஆனால் தவணை எதற்காகக் கொடுத்தாளோ அது முடிந்துவிட்டது. இனிமேல் அவள் வாசித்தால் அது எனக்குப் போடுகிற பிச்சை. அலமாரியிலிருந்து ஆறாம் பாகத்தை எடுத்தேன். பக்கம் வெட்டாத புதுப் புத்தகம். மருதாத்தாள் கையில் கொடுத்தேன்.

"அவ ஊட்ல போயி வாசிக்கட்டும். அவளுக்குத்தான்."

பொன்னாத்தாள் வாசலுக்கு வந்தாள். முறைப்படி தூரத்திலிருந்தே விழுந்து கும்பிட்டாள். எனக்குத் தெரிந்தது நீலச் சேலையின் நிறம் மட்டும். வண்டி சாலையில் ஏறித் திரும்புகிறவரை நின்றேன்.

அடுத்த கோடையில் கண்ணை அறுத்துக்கொண்டேன். கனத்த கண்ணாடி போட்டார்கள். எழுத்து திரும்பி வந்தது. பொன்னாத்தாளை உடுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக் கொடுத்திருப்பதாக மருதாத்தாள் வந்து சொன்னாள். அவர் நல்ல மாதிரி என்றாள். விசாரித்து வைத்திருந்தேன், எனக்கும் தெரியும். வண்டிப்பெரியாரிலிருந்து யாரும் வரவில்லை.

உப்பளத்துக் கதையை முதல் பாகத்திலிருந்து மறுபடி எடுத்தேன். நான் கேட்ட புத்தகம் வேறு, அச்சில் இருந்த புத்தகம் வேறு. அவள் தாண்டிய பக்கங்களில் நல்ல எழுத்து நிறைய இருந்தது. பெண்டாட்டியை விட்டுக் கப்பலேறுவதற்கு முன்னால் அந்த மகன் அழுதிருக்கிறான். அது எனக்குத் தெரியாமலே போயிருந்தது. சில பக்க ஓரத்தில் மஞ்சள் விரல் தடம் இருந்தது. ஐந்து பாகமும் மெதுவாக வாசித்தேன். வீட்டில் கேட்பதற்கு யாரும் இல்லாததால் ஒரு பகலுக்குச் சில பக்கம் என்று வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்கண்ணா, நீங்க மட்டும் வாசிச்சா ஆச்சா? உள்ளுக்குள்ளயே முழுங்கறீங்களே" என்றாள் மருதாத்தாள். அவள் இன்னும் கடலை உடைக்க வருகிறாள். "கடைசிப் பாகத்தையும் உடுமலைக்கு ஆள் உட்டு வாங்கியாரச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். குடுத்தது குடுத்ததுதான்."

"அப்ப இருக்கறதையாச்சும் கொஞ்சம் சத்தமா வாசிங்க. எனக்கும் பொழுது போகோணுமல்லங்க."

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, இரண்டாம் பாகத்தின் முடிவிலிருந்து வாசித்தேன். எனக்கு உரக்க வாசித்துப் பழக்கமில்லை. குரல் எங்கோ தட்டித் தட்டி நின்றது. கிழவரைப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். அடுத்த வரியில் அந்தப் பேர் இருந்தது.

"அவங்க முன்கொம்பைத் தோளில் வாங்கிக்கொண்டாங்க" என்று வாசித்தேன்.

மருதாத்தாள் முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "உங்களுக்கென்னங்கண்ணா, பேரைச் சொல்லியே வாசிக்கலாமே."

"இந்த ஊட்ல இதை வாசிக்கறது அப்படித்தான்" என்றேன். பக்கத்தைத் திருப்பினேன்.